இருபத்துமூன்றாம் வரிசை

பம்பைமடுவில் மின்சாரம் போய்வந்த பிறகு
ஆய்வுகூடக் கணினிகள் ஒவ்வொன்றாய் விழித்தன.
சேமித்து வைத்தவர்கள் சிரித்தார்கள்.
"சேர், என்ர குளம் போச்சு" என்றான் தரிந்து,
பதவியாவிலிருந்து வந்து
விடுதியில் பொறுக்கிய தமிழில்.

போகவில்லை. திருப்பிக் கீறினோம்.
செய்மதிப் படத்தில் கரும்பச்சைப் பிறை ஒன்று,
அதுதான் கட்டு.
மீதியெல்லாம் காடு.

மூன்றாம் வருடச் சூழல் செயற்திட்டம்:
நெடுங்கேணிக்கு அங்கால் நாற்பத்தொரு சிறுகுளம்.
ஆறு பெடியள், மூன்று பெட்டையள், இரண்டு ஜீ.பி.எஸ்.
ஒன்றுக்குப் பற்றரி மூடி இல்லை,
றபர் பாண்ட் போட்டிருக்கிறோம்.

முதற் கிழமை எல்லாப் புள்ளிகளும்
குளத்தை விட்டு விலகி வயலுக்குள் நின்றன.
பழைய தாளை அளந்தவன்
ஓர் உருண்டையை நினைத்து அளந்தான்,
செய்மதி நினைப்பது வேறோர் உருண்டை.
கண்டவல என்று பலகையில் எழுதி
இரண்டுக்கும் இடையில்
நூறு மீற்றர் சொச்சம் என்றேன்.
சாருகா கை உயர்த்தினாள்:
"மிதிவெடி எடுத்த ஆக்களின்ர படம்
எந்த உருண்டையில கீறினது, சேர்?"

அன்று பின்னேரம் கச்சேரிக்கு
மூன்று தரம் அழைப்பெடுத்தேன்.
பதில் வரும்வரை
இரண்டு கிழமை
ஒருவரையும் பாதையை விட்டு இறங்க விடவில்லை.

பிறகு போனோம்.
வீரை மரத்தடியில் யானை லத்தி ஈரமாய்க் கிடந்தது.
வன இலாகா உத்தியோகத்தர் வாகனத்தை மறித்தார்.
நாங்கள் கடிதம் காட்டினோம்,
அவர் தன் தொலைபேசியில் படம் காட்டினார்.
அதில் நாங்கள் நின்ற பாதையே இல்லை.
எங்கள் படத்தில் அவருடைய எல்லைக்கல் இல்லை.
வெயிலில் நின்று
இரண்டு திரைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பிடித்துப் பார்த்தோம்
கொஞ்ச நேரம்.
அவரிடம் தண்ணீர் இருந்தது, தந்தார்.

பெயர்களை அடித்தவள் றிஸ்னா.
இரவிரவாய் நாற்பத்தொரு வரிசை.
காலையில் கோப்பைத் திறந்தால்
பெயர் நிரல் முழுக்கக் கேள்விக்குறி.
நொச்சிமருதங்குளம்,
எழுத்து எண்ணினால் பத்து,
கேள்விக்குறி பதினேழு:
கொம்பையும் சுழியையும் குற்றையும்கூட
தனித்தனியே பிடித்து விசாரித்திருக்கிறது.
அவள் அழுதாளா தெரியாது,
முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

குறிமுறையை மாற்றினேன்.
ஈச்சமோட்டை வந்தது. கரடிப்பிலவு வந்தது.
ஒவ்வொன்றாய் எல்லாம் வந்தன,
இருபத்துமூன்றைத் தவிர.
அங்கே ஒற்றைக் கேள்விக்குறி.
மென்பொருளைத் திட்டத் தொடங்கினேன்.
"அது பிழையில்ல சேர்,
நான் அடிச்சது" என்றாள்.

தரிந்துவின் குளம்.
துருசுக் கல் இரண்டாய்க் கிடக்கிறது,
ஆண்டு இருக்கும் பாதி இருக்கிறது.
கீழே குடியிருப்பவர்கள் பிறகு வந்தவர்கள்,
குளம் என்றால் குளம்தான் அவர்களுக்கு.
முன்பு இருந்தவர்களைக் கேட்க
எங்கே போய்த் தேடுவது,
அதற்கு எங்களிடம் அடுக்கு இல்லை.
தரிந்து கொண்டுவந்த இன்னொரு தாளில்
ஒரு பெயர் இருந்தது, அவன் மொழியில்.
அது இந்தக் குளத்துக்கா
பக்கத்துப் பள்ளத்துக்கா என்று
அவனுக்கே ஐயம்.
அந்த நூறு மீற்றர் சொச்சம்.
குறிப்பு நிரலில் அவனே எழுதினான்:
உறுதிப்படுத்தப்படவில்லை.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர்
தரவு முழுமையில்லை என்று
ஐந்து புள்ளி குறைத்தார்.
நான் வாதாடினேன், இரண்டு திரும்பி வந்தது.

மார்கழியில் முகில் விலகிய ஒரு நாள்
புதுப் படம் இறங்கியது.
உடைந்த கட்டின் உள்மூலையில்
முப்பது மீற்றர்ச் சதுரம் ஆறு
நீலமாகியிருந்தன.
செயற்திட்டம் முடிந்து மாதமாகிவிட்டது,
இனி இதற்குப் புள்ளி இல்லை.
தரிந்து வந்து உட்கார்ந்து
பரப்பு நிரலில் அடித்தான்:
0.54 ஹெக்டயர்.
இம்முறை உடனே சேமித்தான்.
பெயர் நிரலைத் தொடவில்லை.